யூரியாவுக்கு முன்னால் வரவேண்டிய மூட்டைகள்: வேளாண்மை, கூட்டுறவுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத் துறை அதிகாரிகள், கூட்டுறவுத் துறை அதிகாரிகள், காவிரி டெல்டா மாவட்டங்களின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர்கள்.

பொருள்: நெல்லுக்கு உரம் ஒதுக்கும் வரிசை, பரிந்துரைக்கும் முறை குறித்து.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சம்பா நடவு முடிந்து மேலுரம் போடும் நேரம் வந்தால் டெல்டாவில் 'யூரியா தட்டுப்பாடு' என்ற செய்தியும் கூடவே வந்துவிடும். அடுத்து ரயிலில் யூரியா வந்து இறங்கும், இத்தனை டன் இருப்பு உள்ளது என்று அறிக்கை வெளியாகும். நடவுக்கு முன் சங்கக் கிடங்கில் பொட்டாஷ் எத்தனை மூட்டை இருந்தது, ஜிங்க் சல்பேட் எத்தனை கிலோ இருந்தது, ஜிப்சம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல். வயலில் யூரியா அதிகமாவதற்கு உழவரின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. எந்த மூட்டை மலிவாகவும் முதலிலும் கைக்கு வருகிறதோ அதைத்தான் எவரும் போடுவார்கள். 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 267 ரூபாய். 50 கிலோ பொட்டாஷ் மூட்டை அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் வெளியே நிறுத்தியதால் உண்டான இடைவெளி இது. விலை டெல்லியில் முடிவாகிறது, உங்கள் கையில் இல்லை. எந்த மூட்டை எப்போது கிடங்குக்கு வருகிறது, எந்த அளவு எந்தச் சொல்லில் உழவரிடம் போய்ச் சேருகிறது என்பவை உங்கள் கையில் இருக்கின்றன.

முதலில் மஞ்சள் விவகாரம். நட்ட இருபதாம் நாள் பயிர் வெளிறினால் உரக்கடையில் கிடைக்கும் பதில் யூரியாதான், கூடவே ஒரு பூஞ்சாண மருந்து. வயலில் இறங்கிக் குனிந்து, மஞ்சள் எந்த இலையில் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வயல் முழுக்க ஒரே சீராக வெளிறி, கீழ் இலைகள் நுனியிலிருந்து பழுத்தால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. கீழ் இலை பச்சையாக இருக்க, புதிதாக விரிந்த இலை மட்டும் வெளிறினால் கந்தகத்தைச் சந்தேகிக்க வேண்டும். நாற்றங்காலிலோ, தண்ணீர் கட்டாத புழுதி விதைப்பிலோ குருத்து நரம்பிடையில் வெளுத்து வெள்ளைத்தாள் போல ஆனால் இரும்பு போதவில்லை. முற்றிய இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ் தரும் பொட்டாசியம், போதவில்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை மஞ்சளே காட்டாது. பயிர் கரும்பச்சையாக, குட்டையாக, இலை விறைத்து, தூர் வெடிக்காமல் நிற்கும். பச்சையாக இருக்கிறதே என்று அந்த வயலைப் பார்த்துத் திருப்திப்படுபவர்களும் உண்டு.

டெல்டாவில் இந்த மஞ்சளில் அதிகம் ஏமாற்றுவது துத்தநாகக் குறை. நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் தலைகாட்டும். இளம் இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்பு வெளுக்கும். கீழ் இலைகளில் துருப்பிடித்தது போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேரும். வயல் சீராக இராமல் திட்டுத் திட்டாகக் குன்றும், பள்ளமான இடத்தில் முதலில் தெரியும். இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் 'கைரா' என்ற பெயரில் பயிரைக் குன்றவைத்த நோய் துத்தநாகப் பற்றாக்குறைதான் என்று பந்த்நகரில் ஒய்.எல். நேனே 1966இல் காட்டினார். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊரில் இதற்குப் பூஞ்சாண மருந்து அடிக்கப்படுகிறது.

இந்த வயலில் யூரியாவை வீசினால் நாலு நாள் பச்சை தெரியும். இலை பெருகும், ஆனால் பெருகிய இலைக்கெல்லாம் பகிர்ந்துகொடுக்கத் துத்தநாகம் வேர் வழியே வராது. இருந்த கொஞ்சமும் நீர்த்துப்போய்க் குறை முன்னைவிடக் கடுமையாகும். மணிச்சத்தும் இதையே செய்கிறது. மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை ஒவ்வொரு போகமும் கூட்டிக்கொண்டே போனால், மண்ணில் இருக்கும் துத்தநாகம் வேருக்குள் நுழைவதும், வேரிலிருந்து தண்டுக்கு ஏறுவதும் குறைகின்றன. தண்ணீர் தேங்கிய களிமண், கார அமில நிலை (pH) 8-ஐத் தொடும் மண், பைகார்பனேட் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகிய மூன்றும் துத்தநாகத்தைக் கட்டிப்போடுபவை. பம்புசெட் குறுவையில் இந்த மூன்றும் ஒரே வயலில் கூடுகின்றன. தக்கைப்பூண்டை மடக்கி உழுத மறுநாளே நட்டாலும் இதே சிக்கல்தான், அது அழுகும் முதல் வாரத்தில் மண்ணில் காற்று அற்றுப்போய்த் துத்தநாகம் கிடைப்பது இன்னும் குறையும். பசுந்தாளை மடக்கியபின் ஒரு வாரம், பத்து நாள் விட்டு நடச் சொல்வது இதற்காகவும்தான்.

பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், 21 சதவீதத் துத்தநாகம் உள்ள வகை. எப்படிப் போடுவது என்பதில்தான் பிசகு நடக்கிறது. வேலை மிச்சம் என்று டி.ஏ.பி.யோடு ஒரே கூடையில் கலந்து வீசுகிறார்கள். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் எளிதில் கரையாத துத்தநாக பாஸ்பேட் ஆகிவிடும், இரண்டிலும் நட்டம். டி.ஏ.பி.யைக் கடைசிச் சேற்றுழவில் மண்ணுக்குள் விட்டுவிட்டு, பரம்படித்து முடித்தபின், நடவுக்குச் சற்று முன்பு, ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து மேலாகத் தூவ வேண்டும். அதன்மேல் உழக்கூடாது. அடியில் போடத் தவறியவர்கள் அறிகுறி கண்டதும் தெளிக்கலாம்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ ஜிங்க் சல்பேட், இரண்டு கிலோ யூரியா, குறை தெளியும்வரை 15 நாளுக்கு ஒருமுறை. இந்தத் தொட்டியிலும் டி.ஏ.பி. சேர்க்கக்கூடாது. நுண்ணூட்டக் கலவை போட்டாயிற்று, இனித் துத்தநாகம் எதற்கு என்று நினைப்பவர்களிடம், கலவைப் பையில் உள்ள துத்தநாகத்தின் அளவைப் படித்துக்காட்ட உங்கள் உதவி வேளாண்மை அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே முதல் கோரிக்கை: ஜிங்க் சல்பேட் நடவுக்கு முன் சங்கத்துக்கு வந்தாக வேண்டும். நட்டு ஒரு மாதம் கழித்து வரும் சரக்கு அந்தப் போகத்தின் அடியுரத்துக்குப் பயன்படாது.

அடுத்தது பொட்டாஷ். இதில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ சாம்பல்சத்து உண்டு. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்று வைத்தால் 28 முதல் 40 கிலோ. டெல்டாவில் நாம் பரிந்துரைப்பது ஏக்கருக்கு 20 கிலோ, அதாவது 33 கிலோ பொட்டாஷ். அதையும் பலர் போடுவதில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. கட்டுகள் லாரியில் ஏறி வெளியூர் போகின்றன. மாடு வீட்டில் இருந்தவரை வைக்கோல் எருவாகத் திரும்பி வந்தது. இப்போது ஒவ்வொரு அறுவடையிலும் வயலின் சாம்பல்சத்தை விற்றுவிட்டு, அதன் விலையை வைக்கோல் வருமானம் என்று எழுதிக்கொள்கிறோம். ஒரு கட்டுக்குக் கிடைக்கும் காசை எண்ணும்போது, அதில் போகும் பொட்டாஷை யாரும் கழிப்பதில்லை.

இது ஏன் உடனே தெரிவதில்லை? காவிரி வண்டல் களி பல ஆண்டுகள் தன் கனிம இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், பாசன நீரும் கொஞ்சம் கொண்டுவரும். அதனால் மண் பரிசோதனையில் சாம்பல்சத்து 'நடுத்தரம்', 'அதிகம்' என்றே வரும். ஆற்றுப்படுகை மணற்பாங்கு வயல்களில் இந்தத் தயவு கிடையாது, அங்கே விரைவில் தெரிந்துவிடும். களி வயலில் முதலில் தெரிவது இலைத் தீய்ச்சல்கூட இல்லை. தண்டு மெலிந்து கார்த்திகை மழைக்குச் சாய்வது, பழுப்புப் புள்ளி நோய் கூடுவது, பதர் கூடுவது இவையே முன்னறிகுறிகள். சாய்ந்ததற்கு மழையைக் குறை சொல்லிவிட்டு அடுத்த ஆண்டும் யூரியாவை அதே அளவில் போடுகிறோம்.

தழைச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் உள்ள உறவுதான் இங்கே முக்கியம். தழைச்சத்து இலையைப் பெருக்கும். பெருகிய இலை செய்யும் மாவை மணிக்கு ஏற்றவும், தண்டுச் சுவரைத் தடிக்கவைக்கவும் சாம்பல்சத்து வேண்டும். முன்னது கூடிப் பின்னது குறைந்தால் சாற்றில் கரைந்த அமினோ அமிலங்கள் தேங்கும். புகையான் பூச்சியும் குலைநோயும் இலை உறைக் கருகலும் பாக்டீரியா இலைக்கருகலும் அந்த வயலைத் தேடி வருவதற்கு இது ஒரு காரணம். பி.பி.டி. 5204 நெல் ரகம் போடுபவர்கள் குலைநோய்க்கு மருந்து வாங்கும் செலவைக் கணக்கெடுத்தால், அதில் ஒரு பங்கு யூரியாவின் கணக்கில் சேரவேண்டியது.

கடைமடையில், கடலோரத்து உப்பு ஏறிய நிலங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சோடியம் மிகும்போது வேர் பொட்டாசியத்தை எடுப்பது தடைப்படுகிறது. அங்கே பொட்டாஷைக் குறைப்பது உப்பின் பாதிப்பைக் கூட்டுவதாகும். மண் களராக இருந்தால் ஜிப்சம் போட்டு வடிகால் வழியே உப்பை வெளியேற்றிய பிறகே எந்த உரமும் பேசும். வடிகால் இல்லாமல் ஜிப்சத்தை மட்டும் கொட்டுவதும் வீண், தேங்கிய நீரில் சல்பேட் சிதைந்து வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும் வயல்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வயலில் தண்ணீரை வடித்து மண்ணை வெடிப்பு விடும் அளவுக்கு ஆறவிடுவதே முதல் மருந்து.

பொட்டாஷை ஒரே தடவையில் கொட்டவும் வேண்டாம். 33 கிலோவில் பாதி அடியுரமாக, மீதி தண்டு உருளும் (கதிர் கருவாகும்) பருவத்தில். இரண்டாவது பாதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது, அந்த நேரத்தில் சங்கத்தில் சரக்கு இருப்பதில்லை. வைக்கோலை வயலிலேயே விட்டு உழுபவருக்கு, மண்ணிலும் சாம்பல்சத்து அதிகம் என்று வந்திருந்தால், அளவைக் குறைக்கலாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் போடச் சொல்வதும் சமச்சீர் அல்ல.

கூட்டு உரங்களைப் பற்றி ஒரு விளக்கப் பலகை ஒவ்வொரு சங்க வாசலிலும் தேவை. 'காம்ப்ளக்ஸ்' என்றால் எல்லாச் சத்தும் இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 20-20-0-13 மூட்டையில் தழையும் மணியும் கந்தகமும் உண்டு, சாம்பல் பூஜ்யம். டி.ஏ.பி.யில் சாம்பலும் இல்லை, கந்தகமும் இல்லை. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம்தான், ஆனால் கந்தகம் 11 சதவீதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வரும். ஒரு காலத்தில் அமோனியம் சல்பேட்டும் சூப்பரும் போட்ட வயலுக்குக் கந்தகம் கேட்காமலே கிடைத்தது. யூரியாவும் டி.ஏ.பி.யும் அந்த இடத்தைப் பிடித்தபின் கந்தகத்தைத் தனியே நினைக்கவேண்டியதாயிற்று. டி.ஏ.பி.க்குத் தட்டுப்பாடு வரும் ஆண்டுகளில் சூப்பரை 'மாற்று' என்று அரைமனதாக அறிவிக்காமல், கந்தகக் குறையுள்ள வயலுக்கு அதுவே பொருத்தமானது என்று சொல்லலாம். ஏக்கருக்கு 125 கிலோ போட்டால் 20 கிலோ மணிச்சத்து வந்துவிடும், டி.ஏ.பி. தந்திருக்கும் தழைச்சத்துக்கு ஈடாக 17 கிலோ யூரியா கூட்டிக்கொண்டால் போதும். மணிச்சத்தை முழுவதும் அடியிலேயே போட வேண்டும். வேர் விடவும் தூர் வெடிக்கவும்தான் அது உதவுகிறது; நாற்பதாம் நாள் வீசும் டி.ஏ.பி. வயலைவிட வாய்க்கால் பாசிக்கே அதிகம் பயன்படுகிறது. குறுவைக்கு முழு அளவு போட்டு, மண்ணிலும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் காட்டினால், தாளடிக்குக் குறைத்துக்கொள்ளலாம். நீர் கட்டிய மண்ணில் இரும்போடு பிணைந்த மணிச்சத்து தானாகவே விடுபடும்.

இனி யூரியா. அதைப் பகைக்கச் சொல்லவில்லை. நெல்லின் விளைச்சலை முதலில் தீர்மானிப்பது தழைச்சத்துதான். ஆனால் ரகத்துக்கு ரகம் அளவு வேறு. டெல்டாவில் குறுகிய கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 (தழை, மணி, சாம்பல்சத்து, கிலோவில்) என்பது பரிந்துரை. வெள்ளைப் பொன்னி போன்ற, தழைச்சத்துக்குச் சாயும் ரகங்களுக்கு 75:50:50. ஏக்கருக்கு மாற்றினால், டி.ஏ.பி. 43 கிலோ போட்டபின், முதல் வகைக்கு யூரியா 113 கிலோ, இரண்டரை மூட்டை. வெள்ளைப் பொன்னிக்கு 48 கிலோ, ஒரு மூட்டையும் கொஞ்சமும். இரண்டுக்கும் ஒரே அளவில் ரசீது போடும் வழக்கம் ஒன்றே போதும், பொன்னி வயல்கள் ஏன் படுத்துக்கிடக்கின்றன என்பதை விளக்க.

யூரியா எப்போது என்பதிலும் நாள்கணக்கு ரகத்தைப் பொறுத்தது. கதிர் கருவாவது அறுவடைக்கு ஏறத்தாழ 65 நாள் முன்னால். 110 நாள் ரகத்துக்கு விதைத்த 45ஆம் நாள், 135 நாளுக்கு 70, சி.ஆர். 1009 போன்ற 155 நாள் ரகத்துக்கு 90. சந்தேகம் இருந்தால் தாய்த்தூரைப் பிடுங்கி அடித்தண்டைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பார்க்கலாம், வெள்ளையாகப் பஞ்சு நுனி ஒரு மில்லிமீட்டர் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. இந்தத் தவணையைத் தவறவிட்டுப் பூத்தபின் கொட்டும் யூரியா மணியாவதில்லை, பதராகவும் நோயாகவும் ஆகிறது.

தேங்கிய தண்ணீரில் யூரியா வீசும் பழக்கத்தால் ஏற்படும் இழப்பு சிறிதல்ல. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், யூரியா சிதைந்து வந்த அம்மோனியா காற்றில் போய்விடும். களை எடுத்து, தண்ணீரை வடித்துச் சேறு தெரியும்படி வைத்து, யூரியாவைப் போட்டு, ஒருநாள் கழித்து மெல்லத் தண்ணீர் கட்ட வேண்டும். யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற கணக்கில் கலந்து ஒரு இரவு வைத்திருந்து போடுவது பழைய பரிந்துரை, இன்றும் நல்லதே. வடகிழக்குப் பருவமழையில் மூழ்கி மீண்ட பயிருக்கும் தண்ணீர் வடிந்தபின் இதே கலவைதான்: ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18, வேப்பம் பிண்ணாக்கு 4, மறுநாள் வீசும்போது பொட்டாஷ் 17 கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். மழை நின்றதும் வெறும் யூரியாவை மட்டும் அனுப்பும் நிவாரணம் பாதி மருந்துதான். புழுதி விதைப்பில் அடியுரமாக யூரியா போடச் சொல்லவே வேண்டாம். காய்ந்த மண்ணில் அது நைட்ரேட் ஆகி, ஆற்றுத் தண்ணீர் வந்ததும் வாயுவாகிப் போய்விடும்.

இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப் பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையைப் பலமுறை அறிமுகப்படுத்திவிட்டீர்கள், அதைப் பயன்படுத்துவோர் குறைவு. அட்டை மலிவானது, ஆனால் சங்கத்தில் கிடைப்பதில்லை. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், சொந்த உடல் நிழலில் வைத்து, பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த மேல் இலையைப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலை 4-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 28 கிலோ யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த எல்லை 3. இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: அட்டை தழைச்சத்தை மட்டுமே காட்டும், அதுவும் மற்ற சத்துகள் சரியாக இருந்தால்தான். துத்தநாகமோ கந்தகமோ குறைந்த வயலில் அட்டையைப் பிடித்தால் அது வாரம்தோறும் யூரியா கேட்டுக்கொண்டே இருக்கும்.

மண் பரிசோதனை முடிவைத் தரும் மண்வள அட்டை 2015இல் வந்தது, பன்னிரண்டு குணங்களைச் சொல்கிறது. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கட்டத்தில் நம் டெல்டாவில் ஐந்தாறு பேரின் வயல் அடங்கிவிடும். மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் ஒரே எண். அந்த எண்ணும் ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை மாக்கணக்கில் பேசுகிறார்கள், உரத்தை மூட்டைக்கணக்கில். மூன்று மா ஓர் ஏக்கர். 'குறுகிய கால ரகத்துக்கு, ஒரு மாவுக்கு டி.ஏ.பி. பதினாலரை கிலோ, பொட்டாஷ் பதினொன்று, ஜிங்க் மூன்று கிலோ முந்நூறு கிராம், யூரியா 38 கிலோவை நாலு தவணையாக' என்று அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டே வயலில் இறங்கலாம். மாதிரி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உரம் போடுமுன், வரப்போரமும் எருக்குவித்த இடமும் மர நிழலும் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுங்கள். துத்தநாக முலாம் பூசிய வாளியில் மண்ணைச் சேர்த்தால் பரிசோதனையில் துத்தநாகக் குறையே வராது.

யூரியாவோடு வேறு பொருளை வாங்கினால்தான் தருவோம் என்னும் கட்டாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த நூறு இருநூறு ரூபாய்தான் பொட்டாஷுக்குப் போயிருக்க வேண்டிய பணம். திணிக்கப்படும் குப்பியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், 20 சதவீதத் தழைச்சத்துள்ள அரை லிட்டர் நானோ யூரியாவில் (இலையில் தெளிக்கும் திரவம்) சுமார் 100 கிராம் தழைச்சத்து. ஒரு யூரியா மூட்டையில் 20 கிலோ 700 கிராம். தெளிப்புக்கு ஓர் இடம் இருக்கலாம், மூட்டைக்கு ஈடாக அதைத் தலையில் கட்டுவது கணக்குக்கு ஒத்துவராது. விருப்பப்பட்டவர் வாங்கட்டும், ரசீதில் சேர்க்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் ஒரு வயலில் ஐந்து சென்ட் ஒதுக்கி, ஒவ்வொரு சென்டுக்கும் தனி வரப்பும் தனி மடையும் கட்டச் சொல்லுங்கள். ஒன்றில் எல்லாச் சத்தும். மற்ற நான்கில் முறையே தழை இல்லாமல், மணி இல்லாமல், சாம்பல் இல்லாமல், துத்தநாகம் இல்லாமல். மணிச்சத்து இல்லாத சென்டுக்கு டி.ஏ.பி. போடக்கூடாது, அதிலிருந்து வரும் தழைச்சத்தை யூரியாவில் ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடு கெட்டுவிடும். தழை இல்லாத சென்டைத் தவிர மற்றவை எல்லாவற்றிலும் தழைச்சத்து சமமாக இருக்கட்டும். ஒரு சென்டிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் வழியக்கூடாது. அறுவடையில் ஐந்தையும் தனித்தனியே அடித்து, ஈரப்பதம் பார்த்து எடைபோட்டு, சங்க வாசலில் எழுதிப்போடுங்கள். எந்தச் சத்து இல்லாதபோது எத்தனை கிலோ குறைந்தது என்று அந்த ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு அந்தச் சங்கம் எந்த மூட்டையை முதலில் கேட்க வேண்டும் என்பதை அந்தப் பலகையிலிருந்தே எழுதிக்கொள்ளலாம். சம்பா நாற்று விடுமுன் வயல்களைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஆண்டே தொடங்க முடியும்.

இப்படிக்கு,
காவிரி டெல்டாவில் நெல் சாகுபடியிலும் மண் பரிசோதனையிலும் ஈடுபட்டுள்ளோர்